பொகையிலைத் தண்ணி

கிளி இல்லீங்க தம்பி. கத்தறது கிளியாட்டத்தான் இருக்கும், ஆனாக் கிளி இல்லீங்க. காலைல இருந்து எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. சத்தி பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா முயல்குட்டியான்னு கேட்டுது. கண்டக்டரு எலியான்னு கேட்டுப்போட்டு, எலிக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டான்னு சிரிக்கறான். கினி பிக்குங்க. பிக்குன்னாப் பன்னியாமா. பன்னியாட்டவும் இல்லை, எலியாட்டவும் இல்லை, எந்த மகராசன் பேரு வெச்சானோ. இருங்க, துண்டைச் செத்த தூக்கறன், பாத்துக்குங்க. வெரலை மட்டும் உள்ள உட்றாதீங்க, பயந்துக்கும்.

வாசமுங்களா? பொகையிலை வாசமா? அது நானுங்க. வெத்தலையில வெச்சுப் போடற பழக்கம், சின்ன வயசுல புடிச்சது. வேணும்னா சன்னலைத் தொறந்துக்குங்க. ஆனாக் குளுரடிக்கும். மார்கழி மாசம், அதுவும் திம்பம் மலை.

வண்டி இப்பைக்கு நகராதுங்க. மேல வளைவுல கரும்பு லாரி திரும்ப முடியாம நிக்குதாமா. எறங்கிப் போன ஆளுக வந்து சொல்றாங்க. டிரைவரு எஞ்சினையே நிறுத்திப்போட்டான், பாத்தீங்களா. இந்த மலையில இது எப்பவும் உள்ளதுதான். செரி, பழம பேசிட்டு இருப்பமுங்க. நீங்களும் தாளவாடிங்களா? நானும் தாளவாடிதான். என்ற புள்ளை அங்க இருக்கறா. கோகிலவாணின்னு பேரு. மாட்டாஸ்பத்திரில வேலை. மாட்டுக்கு ஊசி போடற வேலைங்க.

ஆமாங்க, அவளுக்குத்தான் இந்த ரெண்டும். ஈரோட்டுல கடையில வாங்குனது. தை பொறந்தா மாட்டுப் பொங்கல் வருதில்லீங்களா, அதுக்கு அவளை ஊட்டுக்குக் கூப்புடப் போறன். போன சித்திரையில போனவ, ஆடிக்கு வரல, தீவாளிக்கு வரல. எங்கூட்டுக்காரி சாந்தாமணிதான் பஸ்ஸு மாறி மாறிப் போயிப் பாத்துட்டு வர்றா. பொங்கலுக்கும் புள்ளை வரலைன்னா நான் கட்டுத்தரைக்கே போக மாட்டன், மாட்டுக்குக் கொம்பு சீவ மாட்டன்னு சொல்லிப்போட்டன். ஆனா ஒன்னு தம்பி, நான் மன்னிப்புக் கேக்கப் போறன்னு நெனைச்சுக்காதீங்க. மன்னிப்புக் கேக்கற அளவுக்கு நான் ஒன்னும் செய்யல. சொல்றன், நீங்களே கேட்டு, நாயம் யாரு பக்கம்னு சொல்லுங்க.

நான் யாருன்னு சொல்லலியே. நாச்சிமுத்துங்க. புளியம்பட்டிச் சந்தையில மாட்டுத் தரகு. வாங்கறவனும் விக்கறவனும் என்ற துண்டுக்குள்ளதான் கையைக் கொடுப்பாங்க. வெரலைப் புடிச்சே வெலை பேசி முடிச்சுருவன், பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியாது. இந்தா, கூண்டு மேல போத்தியிருக்கறனே, இந்தத் துண்டுதானுங்க. பல்லைப் பாத்து வயசு சொல்லுவன். சுழியப் பாத்து, இது ஊட்டுக்கு ஆகும், இது ஆகாதுன்னு சொல்லுவன். நடையைப் பாத்து எந்தக் காலுல நோவுன்னு சொல்லுவன். சுத்துப்பட்டுல எந்தத் தோட்டத்துல மாடு படுத்துக்கிச்சுன்னாலும் மொதல்ல எனக்குத்தான் ஆளு வரும். வாயில நொரை தள்ளுதுங்கண்ணா, வவுறு உப்பிக்கிச்சுங்கண்ணான்னு வருவாங்க. நான் போயி நின்னாலே பாதி செரியாப் போயிரும்னு பொம்பளைக சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லல, அப்படித்தான் இருந்துச்சு.

அப்படி ஊரு ஊராச் சுத்தித்தான் அவளைப் படிக்க வெச்சன். மாட்டு டாக்டருக்குப் படிக்கறன்னு அவதான் சொன்னா. எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. என்ற தொழிலையே என்ற புள்ளை படிக்கறா. சந்தையெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சன். படிப்பை முடிச்சு, வேலையும் வாங்கி, எங்க ஊரு மாட்டாஸ்பத்திரிக்கே வந்துட்டா. அன்னைக்கு எத்தனை பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தன்னு எனக்கே தெரியாது. அங்கதானுங்க தம்பி எனக்குச் சனி புடிச்சுது.

ஏன்னாக் கேளுங்க. கொஞ்சம் கொஞ்சமா ஆளுக எங்கிட்ட வர்றது நின்னு போச்சு. ஊட்டுக்குத்தான் வர்றாங்க, ஆனா என்னைத் தாண்டி உள்ள எட்டிப் பாத்து, டாக்டரம்மா இருக்கறாங்களாங்கறாங்க. நான் வாசல்ல கட்டல்ல குக்கியிருக்கறன். என்னைக் கேக்கறாங்க, டாக்டரம்மா அப்பாதானுங்களேன்னு. நாச்சிமுத்துங்கற பேரு எங்க போச்சுன்னு தெரியலை.

ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்து அங்கமுத்து கன்னுக்குட்டியைப் புடிச்சுட்டு வந்தான். ஒடம்பெல்லாம் உண்ணி. எங்கிட்டத்தான் கேட்டான், அவன் பழைய ஆளு. பொகையிலைக் காம்பை ஊறப் போட்டு, அந்தத் தண்ணியத் தேச்சு உடு, ஒரே நாள்ல உண்ணி பூராக் கொட்டிப் போகும்னு சொன்னன். எங்கப்பன் காலத்துல இருந்து செய்யறதுங்க. நான் எத்தனை மாட்டுக்குத் தேச்சிருப்பன். அதுக்குள்ள உள்ள இருந்து வந்துட்டா என்ற புள்ளை. வேண்டாங்கண்ணா, பொகையிலைத் தண்ணி வெசம், அதுவும் எளங்கன்னு, நக்குனா செத்துப் போயிரும், நான் மருந்து தர்றன்னு சொல்றா. அவன் முன்னாலயே. அவனும் என்னை ஒரு பார்வை பாத்துப்போட்டு, அவ கொடுத்த மருந்தை வாங்கிட்டுப் போயிட்டான். பெத்த அப்பன் ஒரு வார்த்தை சொல்லிட்டு இருக்கறப்போ, மூணாம் மனுசன் முன்னால அதை வெசம்னு சொல்றது நாயமுங்களா? உள்ள கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமில்லீங்களா.

சொல்லாம உட்டுப்போட்டன் பாருங்க, இந்தக் கினி பிக்கு. காலேஜு ஹாஸ்டல்ல இருந்தே ரெண்டு வெச்சிருந்தா. அவகூடப் படிச்ச புள்ளை ஒன்னு கொடுத்துட்டுப் போச்சாமா. வெள்ளையா இருந்தது பொரி, செம்பட்டையா இருந்தது கடலை. பொரி கடலைன்னு பேரு வெச்சுக் கூப்புடுவா. ஊருல புள்ளைக படிச்சுப்போட்டு மெடலு கொண்டாறாங்க, எம்புள்ளை எலி கொண்டாந்துருக்கறான்னு நான் சிரிச்சன். பாலு கறக்குமா, ஏரு உழுகுமா, திருட்டுப்பய வந்தாக் கொலைக்குமா? ஒன்னுமில்லை. புல்லுத் திங்கும், புளுக்கை போடும், கீச்சு கீச்சுன்னு கத்தும். அவ ஸ்கூட்டர் சத்தம் தெருமுக்குல கேட்டாக் கத்தும். அப்பறம் என்ற செருப்புச் சத்தம் கேட்டாலும் கத்த ஆரம்பிச்சுது. ஏன்னா, தோட்டத்துல இருந்து வர்றப்போ கொழுக்கட்டைப் புல்லு ஒரு கைப்புடி புடுங்கியாந்து போடுவனுங்க. கையில வாங்கித் திங்கும். மாடுகூட என்னைப் பாத்து அப்படிச் சந்தோசப்பட்டதில்லை, நெசமாச் சொல்றன்.

பங்குனி மாசத்துல பொரிக்கு முடி கொட்ட ஆரம்பிச்சுது. முதுகெல்லாம் சொட்டை. பின்னங்காலால சொறியும் பாருங்க, ரத்தம் வர்ற வரைக்கும் சொறியும். சில நேரம் அரிப்புத் தாங்காம விழுந்து, வலிப்பு வெட்டு வந்த மனுசனாட்ட காலை ஒதைச்சுக்கும். பாக்க முடியாதுங்க. உண்ணியான்னு முடியை வெலக்கிப் பாத்தன், ஒன்னும் இல்லை. அவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி, தோலை லேசாச் சொரண்டி, மைக்ராஸ்கோப்புல வெச்சு எனக்குக் காட்டுனா. உண்ணி இல்லப்பா, சொறிப்பூச்சி, கண்ணுக்குத் தெரியாதுங்கறா. பாத்தன். குட்டி நண்டாட்ட ஒன்னு காலை ஆட்டிட்டுக் கெடக்குது.

அதுக்கு அவ செஞ்ச வைத்தியத்தைக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. சமையல்கட்டுல மசாலா நிறுக்கற தராசை எடுத்தாந்து, அதுல அதைக் குக்க வெச்சு எடை பாக்கறா. எடைக்குத் தகுந்த மருந்துதான் போடோணுமாமா. மாட்டுக்குப் போடறதுல கொஞ்சூண்டு போட்டா ஆகாதான்னு கேட்டன். ஆகாது, அளவு துளி மீறுனாலும் ஆளு காலிங்கறா. நாய்க்கு அடிக்கற ஸ்ப்ரேயும் ஆகாதாமா. எண்ணெய் தடவக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது. ஒரு சொட்டு மருந்து, அதையும் பொடனியில, கழுத்துக்குப் பின்னால, முடியை வெலக்கித் தோலு மேல உட்டா. ஏன் பொடனின்னு கேட்டன். அங்கதான் அதுக்கு நாக்கு எட்டாதுப்பா, வேற எங்க போட்டாலும் நக்கும், நக்குனா உள்ள போயிரும்னா. ஒன்னை ஒன்னு நக்கிக்கும்னு, காயற வரைக்கும் ரெண்டையும் தனித்தனியா வெச்சா. கடலைக்கு ஒன்னுமே இல்லை, நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கும் போட்டா. ஒன்னுக்கு வந்தா ரெண்டுக்கும் போடோணும், இல்லைன்னா மறுபடி தொத்திக்குமாமா. கூண்டுல விரிச்சிருந்த புல்லையெல்லாம் எரிச்சு, கூண்டைச் சுடுதண்ணியில கழுவச் சொன்னா. நான்தான் கழுவுனன். நான் ஒன்னும் அவ சொல்றதைத் தட்டற ஆளு இல்லீங்க.

அப்பறம் அவளுக்கு மெட்ராசுல என்னமோ டிரெயினிங்குன்னு போயிட்டா. போறப்போ எங்கிட்டத்தான் சொன்னா, அவங்கம்மாகிட்டச் சொல்லல. அப்பா, கொஞ்ச நாளைக்கு அரிப்பு இருக்கத்தான் செய்யும், பயந்துக்காதீங்க, நான் வந்து மறுபடி ஒருக்கா மருந்து போடறன், நீங்க தீனி மட்டும் போட்டாப் போதும்னா. தீனி மட்டும் போட்டாப் போதுமாமா. இத்தனை வருசம் சீவனுகளோட பொழப்பு நடத்துனவன், தீனி போடற ஆளாய்ட்டன்.

பாத்தனுங்க. மறுநாளும் சொறியுது. அதுக்கு மறுநாளும் சொறியுது. ஒரு சொட்டு மருந்து எந்த மூலைக்குப் பத்தும்னு எனக்கு அப்பவே தெரியும். மத்தியானத்துல சாந்தாமணி காட்டுக்குப் போயிட்டா, ஊட்டுல நானும் அதும்தான். கூண்டுக்குள்ள கரக்கு கரக்குன்னு சத்தம். சோத்துல கையை வெச்சா எறங்க மாட்டீங்குது. அந்தச் சத்தம் கேட்டுட்டு நீங்களா இருந்தாலும் சும்மா இருப்பீங்களா தம்பி? அவ வர்றதுக்குள்ள இதைச் சொஸ்தப்படுத்தி வெச்சுரோணும்னு தோணுச்சு. வந்து கேட்டான்னா, எப்படிப்பான்னு கேட்டான்னா, அப்பச் சொல்லலாம். அங்கமுத்தையும் பக்கத்துல வெச்சுட்டுச் சொல்லலாம்.

வெத்தலைப் பொட்டில இருந்த பொகையிலையை எடுத்து ஊறப் போட்டன். நல்லாக் கசக்கிப் புழிஞ்சு, தேங்கா நாருல தொட்டு, முதுகு வவுறு எல்லாம் தேச்சு உட்டன். பொரிக்குத் தேச்சுப்போட்டு நிறுத்திக்கலாம்னுதான் இருந்தன். அப்பறம் அவ சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஒன்னுக்கு வந்தா ரெண்டுக்கும் போடோணும்னு அவதானுங்க சொன்னா. கடலைக்கும் தேச்சன்.

அரிப்பு நின்னு போச்சுங்க. செத்த நேரத்துல நின்னு போச்சு. ரெண்டும் ஒன்னை ஒன்னு நக்கிக்கிட்டு, மூலையில அமந்து படுத்துக்கிச்சு. எனக்கு அப்படியொரு சந்தோசம். ஒரு கலயம் மோரைக் குடிச்சுப்போட்டு, அதுக முன்னாலயே குக்கிட்டுப் பாத்துட்டு இருந்தன். இப்ப எங்க போச்சு உன்ற மைக்ராஸ்கோப்புன்னு மனசுக்குள்ள கேட்டுக்கிட்டன்.

அப்பறம் பொரிக்கு வாயில எச்சல் வடிஞ்சுது. தாடையெல்லாம் நனைஞ்சு போச்சு. ஒடம்பு நடுங்குது. எந்திரிக்கப் பாக்குது, காலு நிக்க மாட்டீங்குது. அந்நேரம் பாத்து அவ போன் பண்ணுனா. எப்படிப்பா இருக்குதுன்னு தெனமும் கேப்பா. செத்த சோந்து படுத்திருக்குது, வெயிலு எச்சா இருக்குதில்லன்னு சொன்னன். வேற ஏதாச்சும் போட்டீங்களாப்பான்னு கேட்டா. நான் என்னத்தைப் போடறன், நீ சொன்ன மாதர தீனி போட்டன்னு சொன்னன். வெயிலுதான் அன்னைக்கு, தம்பி. பங்குனி வெயிலுன்னா உங்களுக்குத் தெரியாததா. ஈரத்துணியக் கூண்டு மேல போடச் சொன்னா, நெழலுல வெக்கச் சொன்னா. போட்டன், வெச்சன். பொழுது உழுகறதுக்குள்ள ரெண்டும் போயிருச்சு. கடலைதான் கடைசி. என்ற கையைத்தான் பாத்துட்டு இருந்துச்சு, புல்லு வெச்சிருக்கறனான்னு.

நான் அழுதன்னு சாந்தாமணி ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறா. அழுகலீங்க. கண்ணுல பொகையிலைத் தண்ணி பட்டுருச்சு, அவ்வளவுதான்.

அவ மறுநாளே ஓடி வந்துட்டா, டிரெயினிங்கை உட்டுப்போட்டு. ஒரு அட்டைப் பொட்டியில துணி விரிச்சு ரெண்டையும் வெச்சிருந்தன். பொதைக்கலாம்னா சாந்தாமணி உடல, புள்ளை வந்து பாக்கட்டும்னுட்டா. பொட்டியத் தொறந்தா. பொரியைக் கையில எடுத்தா. மூக்குக்கிட்டக் கொண்டு போனா. நான் வெத்தலை போட்டுட்டுத் தூணோரமா நிக்கறன். என்னை ஏறெடுத்துப் பாத்தா. கத்தல, சண்டை போடல. ஒன்னே ஒன்னு சொன்னா.

"நக்கும்னு சொன்னனேப்பா."

அவ்வளவுதானுங்க. பொட்டியத் தூக்கிட்டுப் போயி அவளே குழி தோண்டிப் பொதைச்சா. அப்பறம் சாந்தாமணிகிட்டச் சொன்னாளாமா, போன்ல கேட்டப்பவே சொல்லியிருந்தாக் கழுவச் சொல்லியிருப்பன்மா, ஒன்னாவது பொழைச்சிருக்கும்னு. நான் சொல்றன் தம்பி, அவ போட்ட சொட்டுதான் உள்ள எறங்கி வேலையக் காட்டிருச்சு. இன்னைக்கும் நான் அதைத்தான் சொல்லுவன். அதும்போக அந்த வெயிலு. ரெண்டும் சேந்துக்கிச்சு. பழி மட்டும் பொகையிலை மேல.

அதோட உட்டிருந்தாலும் பரவால்லை. பால் சொசைட்டியில மாடு வெச்சிருக்கறவங்களுக்கெல்லாம் கூட்டம் போட்டா. நானும் போனன், மூணாவது வரிசையில குக்கியிருந்தன். உண்ணிக்கு, சொறிக்கு என்ன மருந்து போடறதுன்னு பேசறா. நல்லாத்தான் பேசறா, குத்தம் சொல்ல முடியாது. பேசிட்டு வந்தவ, பொகையிலைத் தண்ணியை எதுக்கும் போடாதீங்க, எங்க வீட்லயே ரெண்டு உசுரு போச்சுன்னா. பேரைச் சொல்லலீங்க. பேரைச் சொல்லியிருந்தாத்தான் நான் எந்திரிச்சுச் சண்டைக்குப் போயிருப்பனே. சொல்லாம உட்டாளே, அதுதான் பெரிய அக்கிரமம். அத்தனை தலையும் ஒருசேரத் திரும்பி என்னைப் பாக்குது. அங்கமுத்து குனிஞ்சுட்டான், சிரிக்கறது தெரியக் கூடாதுன்னு. துண்டை உதறித் தோளுல போட்டுட்டு வெளியே வந்துட்டன்.

அடுத்த சந்தையில துண்டுக்குள்ள கையைக் கொடுக்க வந்தவன், அண்ணா கையில பொகையிலை இல்லீங்களேன்னு கேக்கறான். எல்லாரும் சிரிக்கறாங்க. தரகுக்காரனுக்குக் கைதானுங்க மரியாதை. அது போச்சு.

அன்னையில இருந்து அவகூடப் பேசறதில்லை. அவ சோறு போட்டா எந்திரிச்சுப் போயிருவன். அப்பான்னு கூப்பிட்டாக் காதுல உழுகாத மாதர மாட்டைப் பாத்துட்டு நிப்பன். எத்தனையோ தடவை வந்து பேசிப் பாத்தா. எனக்கு ரோசம் இருக்குதில்லீங்களா? அப்பறம் சித்திரையில ஒரு நாள் பையத் தூக்கிட்டுக் கெளம்பறா. தாளவாடிக்கு மாத்தல் வந்துருச்சாமா. வரலீங்க, கேட்டு வாங்கியிருக்கறா. பெத்தவனை உட்டுப்போட்டுப் போற புள்ளை, கண்ணாலம் பண்ணிட்டுப் போயிருந்தாலும் மனசு ஆறியிருக்கும்.

பஸ்ஸு ஏறப் போறப்போ கட்டுத்தரைக்கு வந்து, போயிட்டு வர்றம்ப்பான்னா. நான் எருமைக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தன். திரும்பல. திரும்பியிருக்கலாம். செத்த திரும்பியிருந்தா என்ன கொறைஞ்சிருப்பன்?

செரி, அது கெடக்குது. வண்டி நகருதுங்களா? இல்லீங்க, பின்னால இருக்கற வண்டிக்காரன் வெளக்கைப் போடறான். என்ன பனி பாருங்க, எதுத்தாப்பல ஒன்னுந் தெரியல. பன்னாரி தாண்டறப்போ சாந்தாமணி போன் பண்ணுனா, என்ன கொண்டு போறீங்கன்னு கேட்டா. இதைச் சொல்லல. கையை வீசிக்கிட்டுப் போங்க, அங்க போயி, வாம்மான்னு ஒரு வார்த்தை கூப்புடுங்க, அது போதும்னுதான் சொல்லி அனுப்பியிருந்தா. அதெப்படிங்க வெறுங்கையோட போறது? போன ரெண்டுக்குப் பதிலு ரெண்டு. கணக்குச் செரியாப் போச்சில்ல. பேச்சும் பேச வேண்டியதில்லை, கூண்டைக் கீழ வெச்சாப் போதும், புரிஞ்சுக்குவா. வெள்ளையும் செம்பட்டையுமாத்தான் தேடிப் புடிச்சன்.

நேத்துக் கொண்டாந்து, சாந்தாமணிக்குத் தெரியாமக் கட்டுத்தரையில வெச்சுப் பாத்தா, கடைக்காரன் ஏமாத்திப்போட்டானுங்க தம்பி. செம்பட்டை சொறியுது. காதோரம் முடி இல்லை. இதை அப்படியே கொண்டு போயிக் கொடுத்தா அவ என்ன நெனைப்பா? சீக்கு புடிச்சதைத் தலையில கட்டிட்டாங்கன்னு நெனைக்க மாட்டாளா? மாட்டு யாவாரத்துல நான் ஒரு நாளும் சீக்கு மாட்டைக் கை மாத்துனதில்லை. சுத்தமாக் கொடுக்கோணும். அதனால காலைல பஸ்ஸு ஏறறதுக்கு முன்னால கொஞ்சூண்டு தேச்சுத்தான் கொண்டாறன். ரெண்டுக்கும்.

ஏனுங்க தம்பி அப்படிப் பாக்கறீங்க? பொகையிலை கம்மிதானுங்க. இந்த வாட்டி தண்ணி எச்சா ஊத்தித்தான் கலந்தன். போன வாட்டி கெட்டியாப் போச்சு, அதனாலதான அப்படி, இந்த வாட்டி வெறும் தண்ணியாட்டத்தான் இருந்துச்சு. பாருங்க, பன்னாரி வரைக்கும் கீச்சு கீச்சுன்னு காதைக் கிழிச்சுது, இப்ப எப்படிக் கம்முன்னு இருக்குது. அரிப்பு நின்னு போச்சு. படுத்துத் தூங்குது.

இருங்க, துண்டைத் தூக்கறன்.

வண்டி சுத்திச் சுத்தி வந்ததுல தலை சுத்தியிருக்கும். மலையேறுனா எங்கூட்டுக்காரியே வாந்தி எடுப்பா. எச்சல் வடியறது அதனாலதானுங்க. நடுங்கறது குளுரு. குளுராதுங்களா இந்தப் பனியில? ஏய் கண்ணு. எந்திரி கண்ணு. இந்தா, கொத்தமல்லி, இந்தா. காலு நிக்க மாட்டீங்குதுங்க தம்பி. வெள்ளை தாடையெல்லாம் நனைஞ்சிருக்குது.

கண்டக்டரே, தாளவாடிக்கு இன்னும் எத்தனை நேரமாகுமுங்க? லாரியை எடுத்தாப் போதுமா, எப்ப எடுப்பாங்க? நடந்து போயி மேல வேற வண்டி புடிக்கலாமுங்களா? டாக்டரைப் பாக்கோணும். தாளவாடியில டாக்டரு இருக்கறாங்க, என்ற புள்ளை, கோகிலவாணி டாக்டரு.

தம்பி, உங்க போன்ல டவரு காட்டுதுங்களா? ஒரு நெம்பரு சொல்றன், போடுங்க. என்ற போன்ல வேண்டாமுங்க. என்ற பேரைப் பாத்தா எடுத்துப்போடுவா. எடுத்து எப்படிப்பா இருக்கறீங்கன்னு கேப்பா. கேட்டா நான் வெயிலுன்னுதான் சொல்லுவன். இந்தக் குளுருல நின்னுட்டும் வெயிலுன்னுதான் சொல்லுவன், என்ற வாயி எனக்குத் தெரியும். நீங்க பேசுங்க. பஸ்ஸுல ஒரு ஆளு வெச்சிருக்கறாருன்னு சொல்லுங்க. அப்பன்னு சொல்ல வேண்டாம். ஆனாப் பொகையிலைன்னு சொல்லிப்போடுங்க தம்பி. பொகையிலைத் தண்ணி தேச்சுருக்குதுன்னு, காலைல தேச்சதுன்னு, அதை மட்டும் மறைக்காதீங்க.

போகுதுங்களா? எடுத்துட்டாளா?

என்ன சொல்றா? கழுவச் சொல்றாளா? எதுல கழுவறது, உங்க பாட்டல் தண்ணி போதுமான்னு கேளுங்க. நெம்பச் சில்லுன்னு இருக்கக் கூடாதா, செரி, பிளாஸ்கு யாராச்சும் வெச்சிருப்பாங்க. அம்மா, சுடுதண்ணி கொஞ்சம் கொடுங்கம்மா, கலந்துக்கறன். தேச்ச எடம் பூராக் கழுவோணுமா. சோப்புக் கொஞ்சம் போடலாமா. கழுவித் தொடைச்சு, குளுராம மடியில வெச்சுட்டு வரோணும், செரிங்க, செரி.

யாருன்னு கேக்கறாளா? நீங்க என்ன சொன்னீங்க?

சொல்லீட்டீங்களா.

அவ என்ன சொன்னா? கீழ எறங்கற வண்டியப் புடிச்சுட்டு எதுத்தாப்பல வர்றாளாமா? இந்தப் பனியில, யானை நிக்கற ரோட்டுலயா? வேண்டாம்னு சொல்லுங்க. இல்லை, சொல்லாதீங்க. வரட்டும்.

ஊத்துங்க தம்பி, மெதுவா ஊத்துங்க, நான் புடிச்சுக்கறன். துண்டைக் கீழ விரிங்க. அந்தத் துண்டுதான், அழுக்கானாப் பரவால்லை. வெள்ளையை நான் பாத்துக்கறன், நீங்க செம்பட்டையைக் கையில வெச்சுக்குங்க. பயப்படாதீங்க, கடிக்காது. தலையை மட்டும் செத்த அந்தப் பக்கமாப் புடிச்சுக்குங்க தம்பி. நக்கும்.